வேருக்குள் விதானையார்

குறிஞ்சாக்கேணியில் வந்து "ஸைனுலாப்தீன் வீடு எது?" என்று கேட்டால், "எந்த ஸைனுலாப்தீன்?" என்று திருப்பிக் கேட்பார்கள். மீற்றர் ஸைனுலாப்தீன் என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தே விடுவார்கள். முப்பத்தொரு வருசம் வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் மீற்றர் பார்த்த மனிதர். ஓய்வு எடுத்து நாலு வருசமாகிறது. இன்னமும் கல்யாண வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் முதலில் அவர் கண் போவது மதில் ஓரத்து மீற்றர் பெட்டிக்குத்தான். பிறகுதான் மாப்பிள்ளையைப் பார்ப்பார்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர் கேற்றைப் பூட்டிவிட்டு எங்காவது போயிருந்தால், போன மாதங்களைப் பார்த்து, இந்த மாதமும் இவ்வளவு ஓடியிருக்கும் என்று குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஸைனுலாப்தீன் மட்டும் அதைச் செய்யவேமாட்டார். புத்தகத்தில் "கேற் பூட்டு" என்று எழுதிவிட்டு அடுத்த நாளும் போவார், அதற்கடுத்த நாளும் போவார். கூட வேலை செய்தவர்கள் இவருடைய சைக்கிள் ரயரைப் பார்த்துப் பாவப்பட்டார்கள். "கண்ணால காணாம எழுத எனக்கு ஏலாது" என்று மட்டும் சொல்வார்.

அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் இரண்டே இரண்டு முறை காணாமல் எழுதினார். புத்தகத்தில் அல்ல. இரண்டையும் தன் வீட்டு விசயத்திலேயே எழுதினார், அதற்கான தண்டனையை இன்றுவரை அனுபவிக்கிறார்.

அவர் வீட்டுக் கேற்றுக்குப் பூட்டு இருந்தது, திறப்பும் இருந்தது. ஆனால் ஐந்தரை வருசமாக அந்தப் பூட்டு கொண்டியில் வாயைப் பிளந்தபடி தொங்கித் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பூட்டக்கூடாது என்பது அவர் மனைவி றுக்கியாவின் கட்டளை. "அவன் வந்து பார்க்கக்குள்ள பூட்டிக் கிடந்தா? தட்டி எழுப்பக் கூச்சப்படுற புள்ள அவன்" என்பாள். பக்கத்து வீட்டு ஆடுகளுக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று. றுக்கியா நட்ட றோசாக்கன்று ஒன்றுகூட மொட்டு விட்டதில்லை.

அவன் என்பது அஸ்ஹான், அவர்களுடைய ஒரே பிள்ளை. பத்தொன்பது வயதில் அவனுக்கு மீன் வளர்க்கும் பைத்தியம் பிடித்தது. மற்றப் பொடியன்மார் மோட்டார் சைக்கிள் கேட்ட காலத்தில் இவன் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி கேட்டான். அதைக் கூடத்தில் வைத்து, கடல்நீர் ஏறும் களப்பு ஓரத்தில் பொறுக்கி வந்த பெரிய கண்டல் வேர் ஒன்றை நாள்கணக்கில் ஊறவைத்துக் கழுவி, கனமான கல்லோடு கம்பியால் கட்டி உள்ளே இறக்கினான். பக்கத்தில் ஒரு துண்டுக் குழாயும் போட்டான். பிறகு திருகோணமலைக்குப் போய், ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் தனுசன் என்ற பொடியன் வைத்திருந்த மீன் கடையில், விரல் நீளத்தில் ஒரு கறுத்த மீனை வாங்கி வந்தான். கொழும்பிலிருந்து பெட்டியில் வந்த மீன். கண்ணாடியில் படியும் பாசியை எல்லாம் இது தின்றுவிடும், டாங்க் கிளீனர் என்று தனுசனும் நம்பி விற்றான், இவனும் நம்பி வாங்கினான்.

ஒரு மாதம் போயிற்று. கண்ணாடியில் பாசி பச்சையாகவே இருந்தது. மீனோ பகலில் குழாயை விட்டு வெளியே வருவதே இல்லை. அஸ்ஹான் வெள்ளரித் துண்டு போட்டான், கீரை அவித்துப் போட்டான். எதையும் அது மோந்தும் பார்க்கவில்லை. நாளுக்கு நாள் வயிறு ஒட்டிக்கொண்டு போனது.

ஸைனுலாப்தீன் ஒரு மாலை மூக்குக்கண்ணாடியைப் போட்டு, மீற்றர் பெட்டிக்குள் அடிக்கும் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு தொட்டியின் முன்னால் குந்தினார். பார்க்க வேண்டியதைப் பார்க்கத் தெரிந்த மனிதர் அல்லவா! அரை மணித்தியாலம் கழித்து மகனைக் கூப்பிட்டார்.

"மகன், பாசி திண்டுறதுக்கு வாய் அடியில இருக்கவேணும். கண்ணாடியில ஒட்டிக்கொண்டு உறிஞ்சவேணும். இவனுக்கு வாய் முன்னுக்கு இருக்கு. வாயைச் சுத்தி ஆறு மீசை. எண்ணிப் பாரு."

அஸ்ஹான் எண்ணினான். ஆறுதான்.

"கண்ணில இருந்து வால் மட்டும் ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோடு போகுதா? ரெண்டும் நெத்தியில வந்து முட்டுது பாரு. அந்தக் கோட்டில வரிசையாத் தகடு. ஒவ்வொரு தகட்டிலயும் பின்னுக்கு வளைஞ்ச ஒரு முள்ளு. இது கிளீனர் இல்ல மகன். இது கெளுத்திச் சாதி."

அடுத்த நாள் இருவரும் சேர்ந்து தனுசனிடம் போனார்கள். அவன் போனில் தேடிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். முள்ளுக் கெளுத்திதான். ரஃபேல் என்று பேர், அமேசன் ஆற்றுக்காரன். மண்புழு, இறால் துண்டு, அடியில் போய் விழுகிற உருண்டைத் தீன், நத்தை இவைதான் சாப்பாடு. வெளிச்சம் பிடிக்காது. கவனமாக வைத்திருந்தால் பதினைந்து இருபது வருசம்கூட இருக்கும். "நானா, ஒண்டு மட்டும். வலை போட்டுப் பிடிக்கக்கூடாது. முள்ளை விரிச்சுப் பூட்டிப்போடும். பிறகு கழட்ட ஏலாது" என்றான் தனுசன், ஸைனுலாப்தீனை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டு.

அந்தப் புத்திமதி ஒரு நாள் பிந்திவிட்டது. அதற்கு முந்திய நாள்தான் அஸ்ஹான் தொட்டி கழுவுவதற்கு அதை ஒரு சின்ன வலையால் அள்ளியிருந்தான். மீன் முள்ளை விரித்து வலையோடு ஒன்றாகிவிட்டது. தண்ணீருக்கு வெளியே வந்ததும் அது "கொர்ர்... கொர்ர்..." என்று சத்தம் போட்டது. மீன் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. றுக்கியா குசினியிலிருந்து ஓடி வந்தாள். கத்தரிக்கோலால் வலையை வெட்டும்போது இடது நெஞ்சு முள்ளின் நுனியும் சேர்ந்து போய்விட்டது. அஸ்ஹானின் பெருவிரலில் இரத்தம் வழிந்தது.

அதற்கு விதானையார் என்று அவன்தான் பேர் வைத்தான். ஏதாவது கையெழுத்துக்காக ஊர் அலுவலரான விதானையாரைத் தேடிப் போனவர்களுக்கு அந்தப் பேரின் அருமை தெரியும். எப்போது போனாலும் ஆள் இடத்தில் இருக்கமாட்டார்.

தகப்பனும் மகனும் மனம்விட்டுக் கதைத்த விசயம் இந்த மீன் ஒன்றுதான் என்று சொல்லலாம். மற்றதெல்லாம் "சாப்பிட்டியா", "ஓம்" என்பதோடு முடிந்துவிடும். விதானையாரைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் கதைப்பார்கள். அந்தத் தைரியத்தில்தான் ஒரு நாள் அஸ்ஹான், கிண்ணியா சந்தியில் ஒரு சின்ன மீன் கடை போடப் போகிறேன், நீங்களும் கூட இருந்தால் நல்லது வாப்பா என்று கேட்டான்.

ஸைனுலாப்தீன் அன்று வெயிலில் அலைந்து வந்திருந்தார். யாரோ ஒரு வீட்டு நாய் வேறு துரத்தியிருந்தது. "மீனைப் பிடிச்சா அது தொழில். மீனுக்குச் சோறு போடுறதும் ஒரு தொழிலா?" என்று சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து அஸ்ஹான் கொட்பேத் துறைமுகத்தில் ஆழ்கடல் படகில் ஏறினான். வாப்பா சொன்னதால் ஏறினான் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு நடந்தபோது கூடத்தில் மூன்றாவது ஆள் இல்லை, றுக்கியாவுக்கும் தெரியாது. தெரிந்தது ஸைனுலாப்தீனுக்கும் அல்லாஹ்வுக்கும் விதானையாருக்கும்தான்.

மூன்று தடவை போய் வந்தான். நாலாவது தடவை 2019 மார்கழி. கேற்றடியில் நின்று, "உம்மா, விதானையாருக்குச் சாப்பாடு போட மறந்துடாதீங்க. வேரை அசைக்காதீங்க, நான் வந்துதான் கழுவுவன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நாலு பேரோடு போன படகு. கடைசியாக ஆறாம் நாள் வேறொரு படகுக்காரருடன் ரேடியோவில் கதைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு சத்தமில்லை. கடற்படை தேடியது, ஊர்ப் படகுகள் தேடின. ஒரு பலகைகூட மிதந்து வரவில்லை.

பிறகு வந்ததெல்லாம் கதைகள். அந்தமான் பக்கம் கரை ஒதுங்கியிருக்கிறார்களாம், பர்மாவில் பிடித்து மறியலில் வைத்திருக்கிறார்களாம், மாலைதீவில் யாரோ கண்டார்களாம். அப்படிக் காணாமல் போய் மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தவர்களும் உண்டுதானே. ஒவ்வொரு கதைக்கும் றுக்கியா பிரியாணி ஆக்கிப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தாள். வருசங்கள் போகப் போக மற்ற மூன்று குடும்பத்தாரும் காயிப் ஜனாஸாத் தொழுவித்துவிட்டார்கள். இறந்தவரின் மையித்து முன்னால் இல்லாமலே, எங்கோ மௌத்தானவருக்காகப் பள்ளியில் நின்று தொழுகிற தொழுகை அது. தொழுதுவிட்டால் ஆள் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

றுக்கியா ஒப்புக்கொள்ளவில்லை. அவளிடம் அதற்கு ஆதாரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் பொழுது பட்டதும் மஃரிப் தொழுதுவிட்டு, கூடத்து லைற்றை அணைத்து, ரோச்சை முந்தானைக்குள் வைத்து மங்கலாக அடித்துப் பார்ப்பாள். குழாயின் வாயில் ஆறு மீசையும் இரண்டு வெள்ளைக் கோடும் தெரியும். "விதானையார் இருக்கிறார். அவனும் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டு எழும்புவாள். ஸைனுலாப்தீனுக்கு அது பைத்தியமாகத் தெரிந்தாலும், தண்ணீரை வாளியில் ஒரு நாள் முழுக்க வைத்துக் குளோரின் போன பிறகு மாற்றுவதும், புழு தோண்டுவதும் அவர்தான். மகனுக்குச் செய்ய வேறு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

போன வருசம் ஐப்பசியில் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். றுக்கியாவுக்குக் கண் மங்கி வருகிறதே, மீன் தெளிவாகத் தெரியட்டும் என்று தொட்டிக்கு மேல் பிரகாசமான வெள்ளை லைற் ஒன்றைப் பூட்டினார். அடுத்த நாளிலிருந்து விதானையாரைக் காணவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை, நாற்பது நாள். மஃரிபுக்குப் பிறகு றுக்கியா தொட்டியின் முன்னாலிருந்து எழும்பாமல் இராத் தொழுகையான இஷாவரை இருந்தாள். சோறு இறங்கவில்லை. இடையில் ஒரு காலை தண்ணீர் கலங்கி, மூக்கைத் துளைக்கிற நாற்றம் அடித்தது. மீன் செத்து எங்கோ கரைந்துகொண்டிருக்கிறது என்று ஸைனுலாப்தீன் முடிவு கட்டிவிட்டார்.

வேரை வெளியே எடுத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் வேர் மகன் வைத்த இடத்திலிருந்து அசையக்கூடாது. அது றுக்கியாவின் சட்டம். அவருக்கும் அதை எடுக்கப் பயம். எடுத்தால் கண்ணால் காணவேண்டி வரும்.

அதனால் தனுசனிடம் போனார். அதே நீளத்தில் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார்.

"நானா, பிணத்தைக் கண்டனீங்களா?" என்று தனுசன் கேட்டான். "இதுகள் மாசக்கணக்கில ஒளிச்சுக் கிடக்கும். முழுசாக் கலைச்சுப் பார்த்தனீங்களா?"

"ஓம், பார்த்தனான்" என்றார் ஸைனுலாப்தீன். அவர் காணாமல் எழுதிய முதலாவது எண் அதுதான்.

றுக்கியா மூதூருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போன ஒரு பகலில் புது மீன் வாளியில் வந்து இறங்கியது. ஒரு டப்பாவால் கோலி எடுத்துத் தொட்டியில் விட்டார். வெள்ளை லைற்றைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் போட்டார். மாலையில் வந்த றுக்கியா ரோச் அடித்துப் பார்த்தாள். குழாயின் வாயில் ஆறு மீசை. அவள் தொட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதாள், அல்ஹம்துலில்லாஹ் என்று ஏழெட்டுத் தடவை சொன்னாள். ஸைனுலாப்தீன் கதிரையில் இருந்தபடி அதைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கூடத்தில் நிம்மதி இல்லை. யாஸீன் ஓத உட்கார்ந்தால் தொட்டியிலிருந்து "கொர்ர்" என்று ஒரு சத்தம். புது மீன் வலது பக்கம் குழாய்க்குள் கிடப்பது கண்ணுக்குத் தெரியும். சத்தம் வருவது இடது பக்கம், வேர் இருக்கிற மூலையிலிருந்து. ஓதுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். ஒரு மாலை, லைற் அணைத்த கையோடு பார்த்தபோது, வேரின் பின்னால் வெள்ளைக் கோடு ஒன்று அசைந்து மறைந்தது. குழாய்க்குள் பார்த்தார். அங்கேயும் ஒரு கோடு. அவர் ஷைத்தானை விரட்ட அவூது ஓதிக்கொண்டே குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்.

இன்னொன்றும் இருந்தது. தீன் சீக்கிரமாக முடிந்தது. போடப் போடத் தீன் மறைந்ததால், ஒரு மாதத்துக்கு வருகிற டப்பா பதினாறு பதினேழு நாளில் அடி தட்டியது. வழக்கத்தைவிட ஓட்டம் கூடினால் எங்கோ கசிவு இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர், தன் வீட்டுக் கணக்கில் மட்டும் அதைக் காண மறுத்தார். செத்த மீன் வந்து தின்கிறது என்று நினைத்தார். அறுபத்துநாலு வயதில், படித்த மனிதர், அப்படித்தான் நினைத்தார். பிறகு கனவில் அஸ்ஹான் வரத் தொடங்கினான். நனைந்த சாரத்தோடு கூடத்தில் நின்று, "வாப்பா, பார்த்தனீங்களா?" என்று மட்டும் கேட்பான்.

இந்த ஆனி மாதம் நெஞ்சில் ஒரு வலி வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். படுக்கையில் கிடந்து யோசித்ததில், இதற்கெல்லாம் காரணம் பிள்ளைக்கு ஒரு தொழுகை இல்லாததுதான் என்று தோன்றியது. தொழுதால் அவன் அமைதியாவான், நானும் அமைதியாவேன். வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்குப் போய் மௌலவியிடம் சொன்னார். அஸ்ஹானை மௌத்தானவனாகக் கொள்ளலாம் என்று காழியிடம் தீர்ப்பு வாங்கிய கடிதம் இரண்டு வருசமாக அலுமாரிக்குள் இருந்தது. அதையும் எடுத்துக் கொடுத்தார். வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு வைப்போம் என்றார் மௌலவி. அதுதான் அவர் காணாமல் எழுதிய இரண்டாவது எண்.

வியாழன் மஃரிபுக்குப் பிறகு றுக்கியாவிடம் சொன்னார். அவள் ரோச்சோடு தொட்டியின் முன்னால் இருந்தாள்.

"ஏலாது" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "விதானையார் கண்ணுக்கு முன்னால இருக்கிறார். என்ட புள்ளய உயிரோட அடக்கப் போறீங்களா?"

"றுக்கியா, நான் சொல்லுறதைக் கேளு."

"நீங்க எப்பவோ அவனைக் கைவிட்டுட்டீங்க. அவன்ட மீன்கூட அவனைக் கைவிடல்ல."

அந்தச் சொல் பட்ட இடம் சரியான இடம். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்தது வாயால் கொட்டியது. "அது அவன்ட மீன் இல்ல! அவன்ட மீன் செத்துப் போச்சு. நான்தான் தனுசன்ட கடையில வேற மீன் வாங்கி வச்சனான். எட்டு மாசமா நீ கடை மீனைப் பார்த்து அழுதுகொண்டிருக்காய்."

றுக்கியா ரோச்சை அணைத்தாள். "மையித்தைக் கண்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"வேரைத் தூக்கிப் பார்த்தீங்களா?"

"நீதானே அசைக்கக்கூடாதெண்டு..."

அவள் எழும்பி லைற்றைப் போட்டாள். "இனி என்னத்துக்கு இந்த வேர்?" என்றாள். அவர் தடுக்க முன்னமே முழங்கைவரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, கல்லோடு சேர்த்து வேரைப் பற்றி இழுத்தாள். தண்ணீர் கூடமெல்லாம் ஊற்றியது. ஐந்தரை வருசத்துப் பாசி அவள் சட்டையில் ஒட்டியது. வேர் தண்ணீரை விட்டு வெளியே வந்தது.

வேர் கத்தியது. "கொர்ர்... கொர்ர்... கொர்ர்..."

றுக்கியா அலறிவிட்டாள். ஆனால் வேரை விடவில்லை. ஸைனுலாப்தீன் ஓடி வந்து பேசனை வைத்து, தொட்டித் தண்ணீரை அள்ளி ஊற்றி, வேரை அதற்குள் இறக்கினார். சுவர்ப் பக்கமாக இருந்த பொந்துக்குள், முள்ளை விரித்துப் பூட்டிக்கொண்டு, உள்ளங்கை நீளத்தில் தடித்த ஒரு கெளுத்தி கிடந்தது. இழுக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். இருவரும் நனைந்த தரையில் குந்தி இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது முள்ளைத் தளர்த்தி மெல்ல வெளியே வந்தது. இடது நெஞ்சு முள் நுனியில்லாமல் மழுங்கி இருந்தது.

விதானையார் எங்கேயும் போகவில்லை. இவர் பூட்டிய வெளிச்சத்துக்குப் பயந்து வேரின் பின்பக்கத்துக்குக் குடிபோயிருக்கிறார், அவ்வளவுதான். ஒவ்வொரு இருட்டிலும் வந்து தன் பங்கைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறார். வெளிச்சம் வந்த புதிதில் அவர் தொடாமல் விட்ட தீன்தான் அன்று அழுகி நாறியிருக்கிறது. கூப்பிட்டும் இருக்கிறார். எட்டு மாதம் அவருக்கு உயிர் இருந்தது, ஸைனுலாப்தீனின் கணக்கில்தான் அவர் செத்துப்போயிருந்தார்.

ஸைனுலாப்தீன் பேசனின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். படகு போன நாளில்கூட அவர் அப்படி அழுததில்லை. "நான் பார்க்கல்ல மகன். நான் பார்க்காமலே எழுதிட்டன்" என்று மீனைப் பார்த்துச் சொன்னார்.

றுக்கியா அழவில்லை. பேசனையும் பார்த்தாள், தொட்டிக்குள் குழாயில் கிடந்த மற்ற மீனையும் பார்த்தாள். ஈரச் சீலையைப் பிழிந்தபடி சொன்னாள்.

"நாளைக்குத் தொழுங்க."

அவர் நிமிர்ந்தார். "என்ன சொல்றாய்? உன்ட விதானையார் உயிரோடதானே இருக்கிறார்!"

"அவர் இருக்கிறார். நான் அவரையா பார்த்தன்? எட்டு மாசமா வேற ஒண்டைப் பார்த்து, இதுதான் என்ட புள்ளட மீன் எண்டு அழுதிருக்கன். ஒரு நாள்கூட எனக்கு வித்தியாசம் தெரியல்ல. அவன் இருக்கிறான் எண்டு மனசு சொல்லுது, சொல்லுது எண்டு ஊரெல்லாம் சொன்னேனே, அந்த மனசும் இதுதானே? அதுக்கு ஒண்டும் தெரியாது. தொழுங்க. என்ட புள்ளக்கி ஒரு துஆவாவது போய்ச் சேரட்டும்."

எத்தனை வருசமாக அவள் வாயிலிருந்து வரவேண்டும் என்று அவர் காத்திருந்த சொல். வந்த நேரத்தில் அவருக்கு அது வேண்டாமல் போயிருந்தது. வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஐந்தரை வருசத்தில் முதல் தடவையாக அந்த முகம் கேற் பக்கம் திரும்பாமல் இருந்தது. அவர் பேசனிலிருந்து வேரையும் விதானையாரையும் தொட்டிக்குள் பழையபடி இறக்கினார்.

வெள்ளிக்கிழமை பள்ளி நிறைந்திருந்தது. ஜும்ஆ முடிந்ததும் மௌலவி அஸ்ஹானின் பேரைச் சொல்லி அறிவித்தார். தகப்பன் முன் வரிசைக்கு வரவேண்டும் என்று வழி விட்டார்கள். ஜனாஸாத் தொழுகையில் குனிவதும் இல்லை, சுஜூதும் இல்லை. நின்ற நிலையில் அல்லாஹு அக்பர் என்று நாலு தக்பீர், இடையில் ஓதுவதெல்லாம் மனதுக்குள். பக்கத்தில் நிற்பவன் என்ன ஓதுகிறான் என்று யாருக்கும் கேட்காது. இன்னாருக்காகத் தொழுகிறேன் என்று மனதில் நிய்யத் வைத்தானா இல்லையா என்பது அல்லாஹ்வுக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் தக்பீருக்கு எல்லோரோடும் ஸைனுலாப்தீனும் கையை உயர்த்திக் கட்டினார். நிய்யத் வைக்கவில்லை. மூன்றாவது தக்பீருக்குப் பிறகு, மௌத்தானவனின் பாவங்களை மன்னிக்கும்படி ஊரே மனதுக்குள் இறைஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் வெறும் தரையும் மிஹ்ராப் மாடமும்தான் இருந்தன. கேற் பூட்டு என்று மட்டும் நினைத்தார். ஸலாம் கொடுத்ததும் ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னார்கள். எல்லோரிடமும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது றுக்கியா வாசலில் நின்றாள்.

"தொழுதாச்சா?"

"ஓம்."

"நீங்களும் நல்லாத் துஆக் கேட்டீங்களா?"

"கேட்டனான்" என்றார்.

அன்று மத்தியானம் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அசர்த் தொழுகைக்குப் பிறகு படுத்து, குறட்டை விட்டுத் தூங்கினாள். மாலையில் எழும்பி, தேங்காயெண்ணெயும் ஒரு பழந்துணியும் கொண்டு கேற்றடிக்குப் போனாள். துருப்பிடித்த பூட்டைத் துடைத்து, எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று தடவை திறப்பைப் போட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பூட்டினாள். "இனி ஆடு வராது. நாளைக்கு ஒரு றோசாக்கன்று வாங்கி வாங்க" என்று சொல்லிவிட்டு, திறப்பைக் கூடத்து ஆணியில் கொளுவினாள். மஃரிப் தொழுதாள். ரோச்சை எடுக்கவில்லை. குசினிக்குப் போய்விட்டாள்.

ஸைனுலாப்தீன் கூடத்து லைற்றை அணைத்துவிட்டுத் தொட்டியின் முன்னால் இருந்தார். இரண்டு பேருக்குமாகத் தீனைப் போட்டார். குழாயிலிருந்து ஒன்று வந்தது. வேரின் பின்னாலிருந்து மற்றது வரவில்லை. காத்திருந்தார். காதைக் கண்ணாடியோடு வைத்துக் கேட்டார். குசினியில் றுக்கியா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு வேருக்குள்ளிருந்து, மிக மெல்ல, "கொர்ர்" என்றது.

அவர் எழும்பினார். ஆணியிலிருந்த திறப்பைச் சத்தம் வராமல் கையில் பொத்திக்கொண்டு, செருப்புப் போடாமல் முற்றத்தில் நடந்து போய், கேற்றைத் திறந்து வைத்தார்.